ஒரே கணினியில் ஒரு கிளஸ்டர்: உடைத்துப் பார்த்துக் கற்க ஓர் ஆய்வகம்

மேல்நிலை வகுப்பில் இயக்க முறைமை கற்பிக்கிறோம், பைத்தான் கற்பிக்கிறோம். மாணவர் எழுதிய நிரல் அவர் முன்னால் இருக்கும் கணினியில் ஓடுகிறது. அதோடு பாடம் முடிகிறது. ஆனால், பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் ஓர் இணையதளத்தை இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் திறக்கிறார்கள். அந்தச் சுமையை ஒரே கணினி தாங்குமா? தாங்காமல் ஒன்று நின்றுபோனால், அதன் வேலையை எது எடுத்துக்கொள்கிறது? வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். நன்றாக நிரல் எழுதும் மாணவரும் சற்று யோசிப்பார்.

இதற்கான விடையை மேகக் கணினிச் சேவைகளில் செய்து பார்க்கலாம் என்பார்கள். இலவசச் சோதனைக் கணக்கு தொடங்கவே பெரும்பாலான நிறுவனங்கள் கடன் அட்டை எண்ணைக் கேட்கின்றன. நம் மாணவர்களின் வீடுகளில் அதற்கு வழியில்லை. வழியிருந்தாலும், தெரியாமல் ஓடவிட்ட ஒன்றுக்குப் பணம் பிடித்துவிடுமோ என்ற அச்சம் கற்பவரைத் தொட்டுப் பார்க்க விடாது. எனவே அதே அமைப்பின் சிறிய வடிவத்தைப் பள்ளியிலுள்ள ஒரே கணினியில் நிறுவும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. செலவு கிடையாது. உடைந்தால் அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். கணினி இல்லாத வகுப்புக்கான செயல்பாடு ஒன்றும் இறுதியில் உள்ளது.

இதைக் கற்றபின் மாணவர்:
1. கன்டெய்னர், கிளஸ்டர் என்பன எவை என்று தம் சொற்களில் கூறுவர்.
2. ஒரு கணினியில் கிளஸ்டரை நிறுவி, ஒரு செயலியின் பல நகல்களை இயக்குவர்.
3. ஒரு நகலை வேண்டுமென்றே அழித்து, அமைப்பு தன்னைச் சரிசெய்துகொள்வதைக் கவனித்து விளக்குவர்.

கன்டெய்னர் என்றால் என்ன?

தூத்துக்குடி அல்லது சென்னைத் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் ஏற்றிய லாரிகளைப் பார்த்திருப்போம். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்கரின் ஐடியல் எக்ஸ் கப்பல், 58 பெட்டிகளுடன் நியூஆர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. நவீன கன்டெய்னர் போக்குவரத்து அங்கிருந்து வளர்ந்தது. பெட்டிக்குள் துணி இருந்தாலும் இயந்திரம் இருந்தாலும் கிரேனுக்கு ஒன்றுதான். பெட்டியின் அளவும் பிடிமானமும் தெரிந்தால் போதும். எந்தக் கப்பலிலும் எந்த லாரியிலும் ஏற்றலாம்.

மென்பொருளிலும் இதே எண்ணம்தான். ஒரு செயலி ஓட, குறிப்பிட்ட பதிப்புப் பைத்தான், சில நூலகக் கோப்புகள், சில அமைப்புகள் என்று பல தேவை. ஆய்வகத்தில் ஓடிய நிரல் வீட்டுக் கணினியில் ஓடவில்லை என்று மாணவர் வந்து நிற்பது இதனால்தான். செயலியையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டி வைத்தால் அது இமேஜ். அதை ஓடவிட்டால் கன்டெய்னர். 2013இல் வெளிவந்த டாக்கர் என்ற கருவி இம்முறையைப் பரவலாக்கியது. அதன் சின்னமே முதுகில் பெட்டிகளைச் சுமக்கும் திமிங்கிலம்தான்.

ஒரு கன்டெய்னரை ஒருவர் கையால் இயக்கிவிடலாம். நூறு கன்டெய்னர்கள் பத்துக் கணினிகளில் ஓடும்போது எது எங்கே ஓட வேண்டும், நின்றதை யார் மீண்டும் இயக்குவது என்று கவனிக்க ஒரு மேலாளர் தேவை. அந்த வேலைக்கு இன்று பரவலாகப் பயன்படுவது க்யூபர்நெட்டிஸ். கூகுள் நிறுவனம் தன் உள்வேலைக்காக உருவாக்கிய போர்க் என்ற அமைப்பில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இதை எழுதி, 2014இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிட்டது. முதல் முழுப் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. இப்பெயர் கப்பலில் சுக்கான் பிடிப்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆங்கிலத்தில் முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவில் எட்டு எழுத்துகள் இருப்பதால் கே8எஸ் என்று சுருக்கி எழுதுவார்கள்.

நமக்கும் இதற்கும் தொலைவு அதிகமில்லை. நாம் திறக்கும் திக்ஷா தளம், சன்பேர்ட் என்ற திறந்த மூல மென்பொருளின் மேல் கட்டப்பட்டது. சன்பேர்டை நிறுவுவதற்கான நிரல் தொகுப்பில் க்யூபர்நெட்டிஸுக்குரிய கோப்புகளைக் காணலாம்.

பள்ளியைக் கொண்டு கிளஸ்டரை விளக்குதல்

கிளஸ்டர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. சி.ஆர்.சி. கூட்டத்துக்குப் போகிறோமே, அதன் முதல் எழுத்து கிளஸ்டர்தான். ஒரு மையத்தின் கீழ் சேர்ந்து இயங்கும் பள்ளிகள் போல, ஒரு கட்டுப்பாட்டின் கீழ் சேர்ந்து இயங்கும் கணினிகள் இங்கே கிளஸ்டர். அதன் உறுப்புகளை மாணவருக்கு விளக்க ஒரு பள்ளியின் அன்றாட நடைமுறையே போதும்.

தலைமையாசிரியர் அறையை கன்ட்ரோல் பிளேன் என்று கொள்வோம். எந்த வேண்டுகோளும் முதலில் வந்து சேரும் அலுவலக மேசை, ஏபிஐ சர்வர். எவை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதி வைத்த பதிவேடு, எட்சிடி. யாரை எந்த வகுப்புக்கு அனுப்பலாம் என்று பார்க்கும் கால அட்டவணைப் பொறுப்பாசிரியர், ஷெட்யூலர். பதிவேட்டில் உள்ளதையும் வகுப்பில் உள்ளதையும் ஒப்பிட்டுக்கொண்டே சுற்றி வரும் உதவித் தலைமையாசிரியர், கன்ட்ரோலர். வகுப்புகள் நடக்கும் ஒவ்வொரு கட்டடமும் ஒரு நோட். அந்தக் கட்டடத்தின் நிலைமையை அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் பொறுப்பாளர், கியூப்லெட். வகுப்பெடுக்கும் ஆசிரியர்தான் பாட். ஒன்று அல்லது அதற்கு மேற்பட்ட கன்டெய்னர்களை உள்ளே வைத்திருக்கும் மிகச்சிறிய அலகு அது.

பதிவேட்டில், “ஆறாம் வகுப்புகளுக்கு எப்போதும் மூன்று ஆசிரியர்” என்று இருக்கிறது. ஒருவர் விடுப்பு. சுற்றி வந்தவர் இருவரைத்தான் காண்கிறார். எழுதியது மூன்று, இருப்பது இரண்டு. உடனே மாற்று ஏற்பாடு நடக்கிறது. க்யூபர்நெட்டிஸ் செய்வதும் இதுதான். “இதைச் செய், பிறகு அதைச் செய்” என்று அதற்கு நாம் கட்டளை வரிசை தருவதில்லை. “இப்படி இருக்க வேண்டும்” என்று எழுதித் தருகிறோம். இருப்பதை எழுதியதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைத் தீர்க்கும் வேலையை அது ஓயாமல் செய்கிறது. இந்த ஒரு கருத்து மாணவர் மனத்தில் பதிந்தால் மற்றவை தானாக வரும்.

தேவையானவை

உபுண்டு போன்ற லினக்ஸ் உள்ள ஒரு கணினி போதும். இரண்டு செயலிக் கோர்கள், 2 ஜிபி காலி நினைவகம், 20 ஜிபி காலி வட்டு இடம் ஆகியவை மினிகியூப் என்ற கருவியின் குறைந்தபட்சத் தேவை. நடைமுறையில் மொத்தம் 4 ஜிபி நினைவகம் இருந்தால் சமாளிக்கலாம். 8 ஜிபி இருந்தால் நன்று. முதல் முறை நிறுவ இணைய இணைப்பு வேண்டும். ஏறத்தாழ 1 ஜிபி டேட்டாவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தலைமையாசிரியரிடம் அனுமதி பெற்றுத் தொடங்குவது முறை. இணையவழி மதிப்பீடுகள் நடக்கும் கணினிகளைத் தொடாமல், தனியாக இருக்கும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கீழே கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தந்துள்ளேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இட வேண்டும். கியூப்சிடிஎல் என்பது, க்யூபர்நெட்டிஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்துகளோடு, கன்ட்ரோல் என்பதன் சுருக்கமாக சி, டி, எல் சேர்ந்தது.

நிறுவும் படிகள்

படி 1. டாக்கரை நிறுவுதல்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்.ஐஓ

பிறகு நம் பயனர் பெயரை டாக்கர் குழுவில் சேர்க்க வேண்டும்:

சூடோ யூசர்மாட் -ஏஜி டாக்கர் (இடைவெளி விட்டு நம் பயனர் பெயர்)

இதில் ஜி மட்டும் பெரிய எழுத்து. முடிந்ததும் கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். இதைச் செய்யாவிட்டால் அனுமதி மறுக்கப்பட்டது என்ற செய்தி வரும். அதற்காக மினிகியூப்பை சூடோ போட்டு இயக்கக் கூடாது. ரூட் உரிமையுடன் டாக்கர் வழியில் இயங்க அது மறுத்துவிடும்.

படி 2. மினிகியூப், கியூப்சிடிஎல் ஆகிய இரண்டையும் அவற்றின் அதிகாரபூர்வத் தளங்களிலிருந்து இறக்கி நிறுவுங்கள். இரண்டும் தனித்தனி ஒற்றைக் கோப்புகள். நிறுவும் வரிகள் அங்கேயே உள்ளன.

படி 3. கிளஸ்டரைத் தொடங்குதல்:

மினிகியூப் ஸ்டார்ட் --டிரைவர்=டாக்கர்

நினைவகம் குறைவாக இருந்தால் இதே வரியின் இறுதியில் --மெமரி=2200 என்று சேர்க்கலாம். முதல் முறை இணைய வேகத்தைப் பொறுத்து நேரம் ஆகும். இதைப் பாடவேளைக்கு முன்பே செய்து முடித்துவிடுங்கள். மாணவர் காத்திருப்பதற்குள் மணி அடித்துவிடும்.

படி 4. சரிபார்த்தல்:

கியூப்சிடிஎல் கெட் நோட்ஸ்

மினிகியூப் என்ற பெயரில் ஒரு வரியும், அதன் நிலை ரெடி என்றும் தெரிந்தால் கிளஸ்டர் தயார். இங்கே தலைமையாசிரியர் அறையும் வகுப்பறையும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன. ஈராசிரியர் பள்ளியில் தலைமையாசிரியரே வகுப்பும் எடுப்பது போல என்று சொன்னால் மாணவருக்கு விளங்கிவிடும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

செயல்பாடு 1: எழுதித் தருதல். என்ஜின்எக்ஸ் என்ற இணைய வழங்கியின் மூன்று நகல்களைக் கேட்போம். பள்ளி என்பது நாம் வைக்கும் பெயர்.

கியூப்சிடிஎல் கிரியேட் டிப்ளாய்மென்ட் பள்ளி --இமேஜ்=என்ஜின்எக்ஸ் --ரெப்ளிக்காஸ்=3

கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ்

மூன்று வரிகள் தெரியும். சில நொடிகளிலோ நிமிடங்களிலோ நிலை ரன்னிங் என்று மாறும். மூன்று பெயர்களையும் ஒரு மாணவர் கரும்பலகையில் எழுதி வைக்கட்டும்.

செயல்பாடு 2: உடைத்துப் பார்த்தல். இரண்டாவது முனையச் சாளரத்தைத் திறந்து, கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ் -டபிள்யூ என்று இட்டுவிடுங்கள். மாற்றங்கள் அதில் தொடர்ந்து தெரியும். இப்போது ஒரு மாணவரை அழைத்து, கரும்பலகையிலுள்ள பெயர்களில் ஒன்றை அழிக்கச் சொல்லுங்கள்:

கியூப்சிடிஎல் டெலிட் பாட் (இடைவெளி விட்டு அந்தப் பெயர்)

இதை இடுவதற்கு முன், “இனி எத்தனை இருக்கும்?” என்று வகுப்பைக் கேளுங்கள். பெரும்பாலோர் இரண்டு என்பார்கள். சாளரத்தில் ஒன்று மறைவதும் புதியது ஒன்று பிறப்பதும் தெரியும். கணக்கெடுத்தால் மூன்று! புதியதன் பெயரைக் கரும்பலகையோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெயர் வேறு. பழையது உயிர் பெறவில்லை. அதே இமேஜிலிருந்து புதிய நகல் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் அழித்தால் என்ன ஆகும் என்று யாராவது கேட்பார்கள். அழிக்கவிடுங்கள். ஒரு கணினியை “அழித்துப் பார்” என்று ஆசிரியரே சொல்லும் வாய்ப்பு நம் ஆய்வகத்தில் அரிது.

இங்கே ஒரு கேள்வியை முன்வையுங்கள்: அழிந்த பாட்டுக்குள் எழுதி வைத்த தகவல் என்ன ஆகும்? விடுப்பில் போன ஆசிரியர் மனத்தில் மட்டும் வைத்திருந்த மதிப்பெண், மாற்று ஆசிரியருக்குத் தெரியாது. பதிவேட்டில் எழுதியிருந்தால் தெரியும். அதுபோல நிலைக்க வேண்டிய தகவலைப் பாட்டுக்கு வெளியே வால்யூம் என்ற சேமிப்பில் வைக்க வேண்டும்.

செயல்பாடு 3: கூட்டுதல், குறைத்தல்.

கியூப்சிடிஎல் ஸ்கேல் டிப்ளாய்மென்ட் பள்ளி --ரெப்ளிக்காஸ்=5

ஐந்தாகும். தேர்வு முடிவு நாளில் நகல்களைக் கூட்டுவதும் மறுநாள் குறைப்பதும் இப்படித்தான். அடுத்த செயல்பாட்டுக்கு முன் மறக்காமல் மூன்றுக்குத் திரும்புங்கள்.

செயல்பாடு 4: உலாவியில் பார்த்தல்.

கியூப்சிடிஎல் எக்ஸ்போஸ் டிப்ளாய்மென்ட் பள்ளி --டைப்=நோட்போர்ட் --போர்ட்=80

மினிகியூப் சர்வீஸ் பள்ளி

உலாவியில் என்ஜின்எக்ஸின் வரவேற்புப் பக்கம் திறக்கும். நோட்போர்ட் என்பதில் என், பி இரண்டும் பெரிய எழுத்து. இங்கே உருவான சர்வீஸ் என்பது மாறாத முகவரி. பாட்கள் வரும், போகும். பார்ப்பவருக்கு முகவரி ஒன்றுதான். அலுவலகத் தொலைபேசி எண் மாறுவதில்லை, எடுத்துப் பேசுபவர்தான் மாறுகிறார்.

செயல்பாடு 5: தவறான பதிப்பு. இல்லாத ஒரு பதிப்பைக் கேட்போம்:

கியூப்சிடிஎல் செட் இமேஜ் டிப்ளாய்மென்ட்/பள்ளி என்ஜின்எக்ஸ்=என்ஜின்எக்ஸ்:99

பாட்களைப் பட்டியலிட்டால், புதியது ஒன்று இமேஜ் கிடைக்காமல் தவிப்பதும், பழைய மூன்றும் வேலையைத் தொடர்வதும் தெரியும். உலாவியில் பக்கத்தைப் புதுப்பித்தால் அது திறக்கிறது. புதியது நன்றாக நிற்கும்வரை பழையதை க்யூபர்நெட்டிஸ் விடுவிக்கவில்லை. பழைய நிலைக்குத் திரும்ப:

கியூப்சிடிஎல் ரோல்அவுட் அன்டூ டிப்ளாய்மென்ட்/பள்ளி

மாற்றம் செய்யும்போது சேவை நிற்கக் கூடாது, தவறினால் திரும்ப வழி இருக்க வேண்டும் என்ற இரண்டையும் இச்செயல்பாடு காட்டிவிடும்.

முடிந்ததும் மினிகியூப் ஸ்டாப் என்று இட்டால் கிளஸ்டர் நிற்கும். மினிகியூப் டெலிட் என்று இட்டால் முழுவதும் அழியும். அடுத்த பிரிவு மாணவர் முதலிலிருந்து தொடங்கலாம்.

8 ஜிபி நினைவகம் இருந்தால்

முதல் கிளஸ்டரை அழித்துவிட்டு, மினிகியூப் ஸ்டார்ட் --நோட்ஸ்=2 என்று தொடங்கினால் இரண்டு நோட்கள் கிடைக்கும். செயல்பாடு 1ஐ மீண்டும் செய்து, கியூப்சிடிஎல் கெட் பாட்ஸ் -ஓ வைட் என்று இட்டால் எந்தப் பாட் எந்த நோட்டில் என்று தெரியும். இரண்டாவது நோட்டை நிறுத்திப் பாருங்கள். பாட்கள் உடனே இடம் மாறா. ஒரு நிமிடத்துக்குள் நோட் தயாராக இல்லை என்று குறிக்கப்படும். அதன்பின் ஏறத்தாழ ஐந்து நிமிடம் கழித்தே வேறிடத்தில் புதியவை தொடங்கும். ஏன் இந்தத் தாமதம்? பேருந்து தாமதமாகி ஆசிரியர் ஐந்து நிமிடம் பிந்தினால் உடனே மாற்று ஏற்பாடு செய்வதில்லை, சற்றுப் பொறுக்கிறோம். வலையமைப்பு ஒரு கணம் துண்டிக்கப்பட்டதற்கெல்லாம் அனைத்தையும் இடம் மாற்றினால் குழப்பமே மிஞ்சும். விடையை நாமே சொல்லாமல் மாணவரை விவாதிக்கவிட்டால் இந்தக் காரணம் அவர்களிடமிருந்தே வரும்.

இடர்ப்பாடுகளும் வழிகளும்

இணைய வேகம்தான் நம் பள்ளிகளில் பெரிய தடை. மினிகியூப் இறக்கும் கோப்புகள் நம் முகப்புக் கோப்புறையில், .மினிகியூப் என்ற மறைந்த கோப்புறைக்குள் கேஷ் என்ற இடத்தில் இருக்கும். அதைப் பென்டிரைவில் படியெடுத்து அடுத்த கணினியில் அதே இடத்தில் வைத்தால் மீண்டும் இறக்க வேண்டியதில்லை. என்ஜின்எக்ஸ் இமேஜை டாக்கர் சேவ் கட்டளையால் ஒரு கோப்பாகச் சேமித்து, அடுத்த கணினியில் மினிகியூப் இமேஜ் லோட் கட்டளையால் ஏற்றலாம்.

பாட்டின் நிலை நெடுநேரம் இமேஜ்புல்பேக்ஆஃப் என்றே இருந்தால், இமேஜ் வந்து சேரவில்லை என்று பொருள். பெயர் பிழையா, இணையம் இல்லையா என்று பாருங்கள். ஒரே இணைப்பில் பல கணினிகள் அடுத்தடுத்து இறக்கினால், டாக்கர் ஹப் விதித்துள்ள வரம்பும் காரணமாகலாம். கியூப்சிடிஎல் டிஸ்கிரைப் பாட் என்ற கட்டளையுடன் பாட்டின் பெயரைக் கொடுத்தால், நடந்தவற்றை வரிசையாகச் சொல்லும். பிழைச் செய்தியைக் கண்டு பயப்படாமல் முழுவதும் வாசிக்கும் பழக்கத்தை இங்கிருந்தே தொடங்கலாம்.

மினிகியூப் போலவே வேறு கருவிகளும் உண்டு. நோட்களையே டாக்கர் கன்டெய்னர்களாக இயக்குவது கைண்ட். அளவில் சிறியதாகக் கட்டப்பட்டு, ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியிலும் ஓடுவது கே3எஸ். முதன்முறை கற்பவருக்கு மினிகியூப் எளிது.

கணினி இல்லா வகுப்புக்கு

தொடக்க, நடுநிலை வகுப்புகளில் இதை விளையாட்டாகச் செய்யலாம். ஒரு மாணவர் பதிவேட்டுக்காரர். அவர் கையில் “கைதட்டுவோர் 3” என்று எழுதிய சீட்டு. ஒருவர் சுற்றி வருபவர். மூவர் முன்னால் நின்று கைதட்டுகிறார்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒருவரைத் தொட்டால் அவர் அமர்ந்துவிட வேண்டும். சுற்றி வருபவர் எண்ணிப் பார்த்து, சீட்டோடு ஒப்பிட்டு, புதியவரை அழைக்கிறார். சீட்டை ஐந்தாக மாற்றுங்கள், பிறகு இரண்டாக மாற்றுங்கள். சுற்றி வருபவரிடம் யாரும் எதுவும் சொல்லக் கூடாது. சீட்டு மட்டுமே பேச வேண்டும். எண்ணுதல், ஒப்பிடுதல், வேறுபாடு காணல் என மூன்று கணிதத் திறன்களும் இதில் வந்துவிடுகின்றன.

மதிப்பீடு

1. இமேஜ், கன்டெய்னர் வேறுபாட்டை ஓர் எடுத்துக்காட்டுடன் கூறுக.
2. மூன்று நகல்களில் இரண்டை அழித்தால் சிறிது நேரம் கழித்து எத்தனை இருக்கும்? ஏன்?
3. புதிய பாட்டின் பெயர் பழையதிலிருந்து ஏன் வேறுபடுகிறது?
4. சர்வீஸ் இல்லாவிட்டால் பயனருக்கு என்ன சிக்கல் வரும்?
5. “இப்படிச் செய்” என்பதற்கும் “இப்படி இருக்க வேண்டும்” என்பதற்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் வீட்டு நிகழ்வு ஒன்றால் விளக்குக.

இது பாடத்திட்டத்தில் இல்லை, தேர்விலும் வராது. பாடவேளையைக் குறைத்துச் செய்ய வேண்டியதும் இல்லை. கணினி மன்றத்தின் இரண்டு மாலைகள் போதும். பொறியியலோ பாலிடெக்னிக்கோ படிக்கப் போகும் நம் மாணவர், இச்சொற்களை முதன்முறையாக ஒரு நேர்காணல் மேசையில் கேட்டுத் திகைக்க வேண்டாம். “இதை எங்கள் பள்ளிக் கணினியில் அழித்துப் பார்த்திருக்கிறேன், அது மறுபடியும் வந்தது” என்று அவர் சொல்லட்டும். உங்கள் பள்ளியில் ஒதுங்கிக் கிடக்கும் ஒரு கணினியின் நினைவகம் எத்தனை ஜிபி என்று நாளை பார்த்துவிடுங்கள். வேலை அங்கிருந்து தொடங்கும்.